பனியனுக்கு எதற்கு போன் நம்பர்?
ஒரு பனியன் வாங்கினாலும் "சார், மொபைல் நம்பர்?" காசு கொடுத்தால் போதாதா? நம்பர் போன அன்றே வாட்ஸ்அப்பில் படையெடுப்பு. ஆடித் தள்ளுபடி, ஆடி முடிந்தும் தள்ளுபடி, அட்சய திருதியை, காதலர் தினம். பாத்திரக் கடைக்குக் காதலர் தினத்தில் என்ன வேலை? பல் டாக்டர் பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்புகிறார், கேக்! ஒருமுறை நன்கொடை கொடுத்த தொண்டு நிறுவனமோ வாரா வாரம் "இன்று நள்ளிரவே கடைசி" என்கிறது. எத்தனை நள்ளிரவப்பா? 1909 என்ற எண்ணில் டிஎன்டி, அதாவது "விளம்பரத் தொல்லை வேண்டாம்" என்று பதிவு போட்டால் எஸ்எம்எஸ்ஸும் அழைப்பும்தான் அடங்கும். வாட்ஸ்அப்புக்கு அது செல்லாது. நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. கல்லாவில் அதைச் சொல்லிப் பாருங்கள். "நம்பர் இல்லாம சிஸ்டம் பில் எடுக்காது சார்." சிஸ்டமாம்!