உலோகம் நாணலில் இல்லை, ஜல்லி இடுக்கில் இருக்கிறது

இரண்டு நாளாக எல்லோரும் பகிரும் அந்த வீடியோவைப் பற்றித்தான். குப்பைமேட்டிலிருந்து வடியும் கசிவுநீரை, ஜல்லி நிரப்பி நாணல் நட்ட படுகை வழியாக விட்டுச் சுத்திகரிக்கிறார்கள். அறுத்த நாணலைக் கட்டுக்கட்டாக அடுக்கி, "குப்பைக் கசிவுநீரிலிருந்த கன உலோகத்தை அறுவடை செய்துவிட்டோம்" என்கிறார்கள். கூடவே, சுத்தம் செய்வதற்காகப் படுகையை வடித்து வெயிலில் காயவிட்டிருக்கிறார்கள். முன்னது தவறு. பின்னது ஆபத்து.

உலோகம் நாணலில் இல்லை. நாணலோ சம்போ, தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது பெரும்பாலும் மொத்தத்தில் சில சதவீதம்தான். செடி எடுப்பதிலும் பெரும்பங்கு வேரிலேயே தங்கிவிடும். மற்றதெல்லாம் ஜல்லி இடுக்கில், ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில் கிடக்கிறது. அங்கே பாக்டீரியா சல்பேட்டைச் சல்பைடாக்குகிறது. அதோடு சேர்ந்து துத்தநாகம், காட்மியம், ஈயம், நிக்கல் கரையாமல் படிகின்றன. படுகையைக் காயவிட்டால் காற்று புகும், சல்பைடு ஆக்சிஜனேறும், அமிலம் உண்டாகும், படிந்த உலோகம் திரும்பக் கரையும். அடுத்து நீர் விட்டதும் அது வெளியேதான் வரும். வெளியேறும் குழாயில் ஏற்றி இறக்கும் எல்போ, அதாவது வளைகுழாய், எதற்கு? நீர்மட்டம் ஜல்லிப் பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே எப்போதும் நிற்பதற்கு.

"அப்போ செடியே வேண்டாமா?" வேண்டும். மட்கும் வேரும் சருகும்தான் அந்த பாக்டீரியாவுக்குத் தீனி. வேரைச் சுற்றிப் படியும் இரும்புத் துருவும் கொஞ்சம் உலோகத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் உலோகம் நாணலில் இல்லை.

"தண்ணீர் தெளிவாக வருகிறதே?" கரைந்த காட்மியத்துக்கு நிறம் கிடையாது. மாதிரியை எடுத்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அதன் பிறகு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்க வேண்டும். வரிசையை மாற்றினால் துகளில் ஒட்டியதும் கரைந்து கணக்கு கெட்டுவிடும். செறிவை மட்டும் காட்டுவதும் போதாது. மழை பெய்தால் அது தானாகவே குறையும். செறிவை ஓட்டத்தால் பெருக்கி, உள்ளே எத்தனை கிராம், வெளியே எத்தனை கிராம் என்று சொல்லுங்கள்.

அளவுக்கும் வருகிறேன். அவர்களே சொன்னபடி நாளுக்கு 10 கன மீட்டர் கசிவுநீர் வருகிறது. 7 நாள் தங்க வேண்டும், ஜல்லியில் வெற்றிடம் 35 சதவீதம், நீராழம் 0.6 மீட்டர் என்றால் சுமார் 330 சதுர மீட்டர் தேவை. வீடியோவில் தெரிவது அதில் கால்வாசிகூட இல்லை. முன்னால் காற்றூட்டி இரும்பைப் படியவைக்கும் தொட்டியும் காணோம். அது இல்லாவிட்டால் நுழைவாயில் ஜல்லி செம்பழுப்புக் கூழால் அடைத்து, கசிவுநீர் மேலே வழிந்தோடும். நுனி கருகி மஞ்சளாக நிற்கும் நாணலைப் பாருங்கள். அம்மோனியாவும் உப்பும் மிகுந்த கசிவுநீரை நேராக விட்டால் இப்படித்தான் ஆகும்.

இதைச் சொன்னதற்கு "இயற்கை முறைக்கு எதிரி" என்று எழுதுகிறீர்கள். வலிக்கிறது. இந்த முறை நிலைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதால்தானே மல்லுக்கு நிற்கிறேன்! உலோகம் சிதைந்து மறையாது, ஆண்டுக்கு ஆண்டு படுகையில் சேரும். ஒருநாள் அந்த ஜல்லியையும் சேற்றையும் தோண்டித்தான் ஆக வேண்டும். அன்று அதைப் பரிசோதித்து, அபாயகரக் கழிவு என்றால் அதற்கான கிடங்குக்கு அனுப்ப இடமும் பணமும் ஒதுக்கியிருக்கிறார்களா? வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போதைக்கு முதல் வேலை, வடித்த படுகையில் இன்றே நீரை நிரப்பி, வெளியேறும் வால்வை மூடிவையுங்கள். உள்ளே நிற்கும் நீரைச் சோதிக்காமல் திறக்காதீர்கள்.