சின்ன பாரைக் கொல்வது புகைத் தடை அல்ல, அரைகுறைத் தடை

பாருக்குள் சிகரெட் பிடிக்கக் கூடாது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், "அப்புறம் சின்ன பாரையெல்லாம் மூடிட வேண்டியதுதான்" என்று பதில் வருகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஒரே அறை, நாலைந்து மேசை, தினமும் வருகிற அதே முகங்கள் என்று ஓடும் இடத்தில் ஐந்து பேர் நின்றுவிட்டாலே கல்லாவில் தெரியும். ஆனால் அதற்காக விதிவிலக்கு கேட்பவர்கள், அந்தச் சின்ன பாருக்கே குழி பறிக்கிறார்கள்.

ஸ்பெயினைப் பாருங்கள். 2006 சட்டப்படி 100 சதுர மீட்டருக்குக் குறைவான பார்கள், புகைக்க விடுவதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்யலாம். பெரிய இடங்கள் தனிப் பகுதி தடுத்துக் கட்டலாம். சின்ன பார்களில் பெரும்பாலானவை புகைக்க விட்டன. பக்கத்துக் கடை விடும்போது நாம் மட்டும் தடுத்தால் ஆள் அங்கே போய்விடுவாரே! 2011 ஜனவரி 2 அன்று முழுத்தடை வந்தது. பெரிய இடங்கள் தடுப்புச் சுவருக்குப் போட்ட பணமெல்லாம் ஐந்தே வருடத்தில் வீண்.

ஜெர்மனியில் கதை வேறு. சில மாநிலங்கள் தனி அறை இருந்தால் அங்கே புகைக்கலாம் என்றன. ஒரே அறை உள்ள பார் இன்னொரு அறைக்கு எங்கே போகும்? இது சின்ன பார்களுக்குப் பாரபட்சம் என்று 2008 ஜூலை 30 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. எல்லாருக்கும் ஒரேபோல முழுத்தடை போட்டால் அது செல்லும் என்பதும் அதே தீர்ப்புதான். 2010-ல் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் அந்த முழுத்தடைக்கே வாக்களித்தார்கள்.

"நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா?" போதாது. சிகரெட் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை. மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். வடிகட்டி துகளைப் பிடித்தாலும் வாயுக்கள் தப்பிவிடும். தனி அறையின் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் புகை வெளியே வருகிறது. கிளாஸ் எடுக்க ஊழியர் எப்படியும் உள்ளே போக வேண்டும். கலிஃபோர்னியாவில் 1998-ல் பார்களுக்குத் தடை வந்தபோது, சான் பிரான்சிஸ்கோவில் 53 பார் ஊழியர்களைத் தடைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்தார்கள். இருமல், மூச்சிரைப்பு போன்ற தொல்லை முதலில் 39 பேருக்கு இருந்தது. தடைக்குப் பிறகு அவர்களில் 23 பேருக்கு அது நின்றுபோனது. இந்த எண்களுக்கு மேல் எனக்கு வேறு வாதம் தேவையில்லை.

வியாபாரம் விழுந்ததா என்று பார்க்க, தடைக்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். விலை ஏற்றியிருந்தால் ரூபாயை விட்டுவிட்டு விற்ற பாட்டில் கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 அன்று தடை வந்தது. அடுத்த வருடமே பொருளாதாரச் சரிவும் பீர் வரி உயர்வும் சேர்ந்து வந்தன. மூடிய கடையெல்லாம் தடையால் மூடியது என்பது கணக்கில் நிற்காது. வெளியே ஒரு அடி இடம்கூட இல்லாத, குடியை மட்டுமே நம்பிய பார்களுக்கு அடி விழத்தான் செய்யும். அவர்களையும் மற்ற சின்ன பார்களையும் நினைத்துத்தான் மீதியை எழுதுகிறேன்.

புகை போனதும் அது மறைத்திருந்த நாற்றமெல்லாம் வெளியே வரும்: சிந்திய பீர், கழிவறை, சாக்கடை. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். புகைக் கறை படிந்த சுவரைச் சோப்புத் தண்ணீரால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் பழுப்புத் தண்ணீர் கோடு போட்டுவிடும். காய்ந்ததும் கறை தடுக்கும் பிரைமர் அடித்த பிறகுதான் பெயின்ட். நேரடியாகத் தண்ணீர் பெயின்ட் அடித்தால் மஞ்சள் மேலே ஊறி வரும். ஸ்பாஞ்ச் மெத்தையைக் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். ஏசி ஃபில்டரோடு உள்ளே இருக்கும் குளிர்விக்கும் குழாய்ச் சுருளையும் (coil) சுத்தம் செய்யாவிட்டால் பழைய வாடையையே திரும்ப ஊதும். அதிகம் புழங்காத தரை வடிகாலில் வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் காய்ந்தால் சாக்கடைக் காற்று மேலே ஏறும்.

வெளியே நிற்க இடம் போடும்போது கூரையையும் சுவரையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் கூரை போட்ட இடத்தின் சுவர்ப் பரப்பில் பாதியாவது திறந்திருக்க வேண்டும். மூடக்கூடிய கதவும் ஜன்னலும் திறப்பாகக் கணக்கில் வராது. மழைக்கு பிளாஸ்டிக் திரையை இறக்கிய நிமிடமே அது மூடிய அறையாகி அபராதம் வரும். வாசலை ஒட்டிப் போட்டால் புகை அப்படியே உள்ளே திரும்பும். கவுன்ட்டரிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாகவும், பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிராக இல்லாமலும் அமைய வேண்டும். இரவுச் சத்தத்தால் வரும் புகார் லைசென்ஸையே ஆட்டிவிடும். கிளாஸை உள்ளே விட்டுப் போகிறவருக்கு மூடி கொடுங்கள், யாரும் எதையும் கலக்காமலிருக்க. சிகரெட் துண்டுகளுக்கு மணல் போட்ட இரும்புத் தொட்டி வேண்டும். கடை மூடும்போது அதில் தண்ணீர் ஊற்றாமல் குப்பையில் கொட்டினால் நள்ளிரவில் தீ பிடிக்கலாம்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. அயர்லாந்து 2004 மார்ச் 29, இங்கிலாந்து ஜூலை 1 என்று குளிர் போன பிறகு தொடங்கியதால், வெளியே நிற்கும் பழக்கம் குளிருக்கு முன்பே படிய நேரம் கிடைத்தது. தடைத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே வெளியே இடம் போடும் அனுமதிக்கு விண்ணப்பம் வாங்கட்டும், ஒரே அறை பார்களின் விண்ணப்பங்களை முதலில் எடுக்கட்டும்.