மலைப்பாதை வண்டியின் முன்பக்கத்தில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

பிக்கப் வண்டியோ ஜீப் வகை வண்டியோ வாங்குகிற நம்மவர்களில் பலர், முதல் சர்வீஸ் முடிவதற்குள்ளேயே அதன் முன்பக்கத்தில் கனமான எஃகு பம்பர் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். காட்டுப் பாதையிலும் ஆற்றுப் படுகையிலும் ஓட்ட அது வேண்டும் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். தடையை வண்டி இடிக்காமல் ஏற வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், முன்பக்கத்தில் எதையும் கூட்டுவதற்கு முன் அங்கிருந்து எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதே சரியான தொடக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வண்டியின் விவரப் பட்டியலில் 'அப்ரோச் ஆங்கிள்' என்றொரு எண் இருக்கும். முன் டயரைத் தொட்டபடி பம்பரின் அடி விளிம்பு வரை ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள கோணம் அது. மேடு அந்தக் கோணத்தைவிடச் செங்குத்தாக இருந்தால், டயர் மண்ணைத் தொடுவதற்கு முன்பே பம்பர் முட்டிவிடும். 2020இல் வந்த மஹிந்திரா தாரில் இந்தக் கோணம் 41.8 டிகிரி. மாருதி சுஸுகியின் ஐந்து கதவு ஜிம்னியில் 36 டிகிரி. டொயோட்டா ஹைலக்ஸில் 29 டிகிரிதான். ஹைலக்ஸ் 70 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கக்கூடிய, வலுவான சேசிஸ், அதாவது அடிச்சட்டம் கொண்ட வண்டி. இருந்தும், ஓடையில் இறங்கி எதிர்க்கரையில் ஏறும்போது முதலில் மண்ணை உரசுவது அதன் முகவாய்தான். தரை இடைவெளி எவ்வளவு என்று மட்டும் கேட்டு வண்டி வாங்குகிறவர்கள் இந்த எண்ணைக் கவனிப்பதே இல்லை.

இந்தக் கோணத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பட்டறையில் மூத்த மெக்கானிக் ஒருவர் இதைச் செய்யும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சணல் நூலின் ஒரு முனையை டயர் தரையைத் தொடும் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். மறுமுனையை டயரின் வளைவை ஒட்டினாற்போல் இழுத்து, பம்பருக்கு அடியில் கொண்டுபோவார். நூல் முதலில் எங்கே தட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். பெரும்பாலும் அந்தக் கோடு விழுவது பம்பர் மீதே அல்ல. அதற்குக் கீழே ஏழெட்டுத் திருகாணிகளிலும் சில பிளாஸ்டிக் கிளிப்புகளிலும் தொங்கிக்கொண்டிருக்கும் கறுப்பு நிறக் காற்றுத்தடுப்புப் பட்டையின் மீது. வண்டியின் முன்பக்கத்திலேயே தாழ்வான பாகமும் வலுவற்ற பாகமும் அதுதான்.

அந்தப் பட்டை வீணாக அங்கே வைக்கப்படவில்லை. வேகமாகப் போகும்போது வண்டிக்கு அடியில் நுழையும் காற்றைத் தடுத்து எரிபொருளை அது மிச்சப்படுத்துகிறது. சில வண்டிகளில் ரேடியேட்டர் வழியே காற்று நன்றாக இழுபடவும் அது உதவுகிறது. எனவே கழற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் மைலேஜ் சற்றுக் குறையலாம். வெயில் காலத்தில் எஞ்சின் வெப்ப முள்ளின் மீது ஒரு கண் இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டே வண்டித் தயாரிப்பாளர்களும் காட்டுப் பாதை வகைகளில் அதை நீக்கிவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் டொயோட்டா டகோமா பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்ற அந்த வண்டியின் மற்ற வகைகளில் இந்தக் கோணம் 29 டிகிரி. முன்பட்டை இல்லாமல் வந்த டிஆர்டி ஆஃப்ரோடு வகையில் 32 டிகிரி. 2017இல் ஷெவர்லே கொலராடோவின் இசட்ஆர்2 வகை வந்தபோது, பம்பரின் இரு முனைகளையும் மேல்நோக்கிச் சரித்து வெட்டி, டயரின் முகம் வெளியே தெரியும்படி அமைத்திருந்தார்கள். மேட்டில் முதலில் ஏற வேண்டியது டயர் என்பதால், டயருக்கு முன்னால் எதுவும் நிற்கக் கூடாது என்ற எண்ணம் அந்த வடிவமைப்பில் தெளிவாகத் தெரிகிறது.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். டயர் மேட்டில் ஏறத் தொடங்கும் இடத்திலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னால், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் பம்பரின் அடி விளிம்பு இருந்தால், கோணம் ஏறக்குறைய 31 டிகிரி. விளிம்பை மட்டும் ஏழரை சென்டிமீட்டர் மேலே ஏற்றினால் அது 37 டிகிரியை நெருங்கும். விளிம்பைத் தொடாமல் சஸ்பென்ஷனை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் 35 டிகிரிதான் கிடைக்கும். அதற்கு விலையாக வண்டியின் எடை மையம் மேலேறும், முன் சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் தண்டுகளின் மூட்டுகள் கூடுதல் சாய்வில் சுழன்று தேயும், வளைவில் வண்டி அதிகமாகச் சாயும். பணத்தைக் கொட்டி, இப்படி வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி எஃகு பம்பருக்கு வருகிறேன். அதோடு, சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சும் சேர்ந்தால் மொத்த எடை 100 கிலோ வரை போகலாம். அந்த எடை முன் அச்சுக்கு மேலே உட்காருவதில்லை, அதற்கு முன்னால் தொங்குகிறது. ஹைலக்ஸின் இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் 3.085 மீட்டர். முன் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் முன்னால் 100 கிலோவை மாட்டினால், கிணற்றுத் துலாவைப் போல வண்டி முன்பக்கம் அழுந்திப் பின்பக்கம் இலேசாகும். முன் அச்சில் கூடும் பாரம் ஏறக்குறைய 126 கிலோ, பின் அச்சில் குறைவது 26 கிலோ. பாரம் ஏற்றாத பிக்கப்பின் பின் சக்கரங்கள் ஏற்கெனவே ஈரத்தில் பிடிமானம் குறைந்தவை. அதற்கு மேல் முன் ஸ்பிரிங்குகள் தழைந்து, எந்த இடைவெளிக்காக இவ்வளவும் செய்தோமோ அந்த இடைவெளியே குறைகிறது. பிறகு கனமான ஸ்பிரிங் மாற்றுவார்கள், அதற்கேற்ப ஷாக் அப்சார்பர் மாற்றுவார்கள், செலவு நீண்டுகொண்டே போகும்.

எடையைவிட என்னைக் கவலைப்படுத்துவது விபத்து. நாம் பம்பர் என்று சொல்லும் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஓர் உலோக விட்டமும், அதைச் சேசிஸோடு இணைக்கும் இரு நொறுங்கு பெட்டிகளும் இருக்கின்றன. மோதும்போது அவை மடிந்து நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டவை. அந்த நசுக்கம் எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பதை வைத்துத்தான் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கு அமைகிறது. வெல்டிங் பட்டறையில் குழாயை வளைத்து நேரடியாகச் சேசிஸில் பூட்டிய பம்பர் அந்தக் கணக்கு முழுவதையும் கலைத்துவிடுகிறது. சாலையில் நடந்து போகிறவரின் காலில் படுவதும் நெகிழும் பிளாஸ்டிக்காக இராமல் எஃகுக் குழாயாகிவிடுகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில், இத்தகைய காவல் கம்பிகள் வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று கூறி, நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பின், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற காட்டுப் பாதைப் போட்டிகளுக்காகவே கட்டப்பட்ட வண்டிகளைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வண்டியில் அதே வேலையைச் செய்வது முறையல்ல.

அப்படியானால் என்ன செய்யலாம்? எஸ்டேட் பாதைக்கும் ஓடைக்கும் போகும் நாளில் திருகாணியில் நிற்கும் அடிப்பட்டையைக் கழற்றிவிட்டு, ஊர் திரும்பியதும் மாட்டிக்கொள்ளலாம். மூடியை வெட்டுவது வேறு விஷயம். அதைத் தெரிந்த கையால், ஆவணங்களைச் சரிபார்த்த பிறகே செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் உலோக விட்டத்தை எந்தக் காரணத்துக்காகவும் கிரைண்டர் தொடக் கூடாது. பட்டை போன பிறகு ரேடியேட்டரின் அடிப்பகுதியும் இன்டர்கூலர் குழாயும் கல்லடிக்கு இலக்காகும் என்பதால், அடித்தட்டு வலுவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுவைக் கொக்கியை நான் இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். பம்பரில் திருகி மாட்டும் வளையம் சமதளத்தில் மெல்ல இழுப்பதற்கானது. சேற்றில் புதைந்த வண்டியை எலாஸ்டிக் கயிற்றால் வெடுக்கென்று இழுக்கும்போது அது பிய்ந்துகொண்டு குண்டுபோலப் பறக்கும், உயிரையும் வாங்கும். சேசிஸோடு தகுந்த போல்ட்டுகளால் பிணைத்த கொக்கிகளையே நம்ப வேண்டும்.

கங்காரு குறுக்கே பாயும் ஆஸ்திரேலியாவில் ஏர்பேக்கோடு ஒத்துப்போகும்படி சோதித்த காவல் பம்பர்கள் கிடைக்கின்றன. ஐரோப்பாவில் 2005ஆம் ஆண்டின் நெறிமுறை வந்ததிலிருந்தே, பாதசாரிக்கு ஏற்படும் அடியை அளந்து தேறியவற்றையே விற்க வேண்டும். நம்மிடம் புணேயில் ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, சென்னைக்கு அருகில் ஒரகடத்தில் மோதல் சோதனைக் கூடத்துடன் ஜிஏஆர்சி என்ற வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வனத்துறை, மீட்புப் படை, மலைத்தோட்டங்கள் ஆகியவற்றுக்கு வலுவான முன்பக்கம் உண்மையிலேயே தேவைப்படுகிறது. அவர்களுக்காகவாவது, எடை, நசுக்கம், பாதசாரி பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் சோதித்துத் தேறிய பம்பர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து, அதைப் பதிவுச் சான்றில் ஏற்ற வழி செய்யுமாறு அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.