2008க்கு முன் மான்செஸ்டர் சிட்டிக்கு ரசிகர்களே இல்லையா?

"மான்செஸ்டர் சிட்டிக்கு 2008க்கு முன்னால் கோப்பையும் கிடையாது, ரசிகர்களும் கிடையாது, எல்லாம் அபுதாபி பணம்" என்று, 2008ல் அபுதாபிக்காரர்கள் வாங்கிய இந்த இங்கிலாந்துக் கால்பந்து அணியைப் பற்றி ஒரு பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிட்டி ரசிகன் என்பதால் எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனாலும் பதிலுக்குத் தகவல்களே போதும்.

மான்செஸ்டர் நகரத்துக்கு முதல் பெரிய கோப்பையை வாங்கித் தந்ததே சிட்டிதான்: 1904 எஃப்.ஏ. கோப்பை. அப்புறம் 1937லும் 1968லும் லீக் பட்டம், 1970ல் கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியில் (கப் வின்னர்ஸ் கப்) வெற்றி. பழைய மெயின் ரோடு மைதானத்தில் 1934ல் ஸ்டோக் சிட்டியுடன் நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 84,569 பேர். ரசிகர்கள் இல்லாத அணிக்கா இவ்வளவு கூட்டம்?

1998ல் அணி இங்கிலாந்து லீக்கின் மூன்றாம் நிலைக்கே இறங்கியது. அந்தப் பருவத்திலும் சொந்த மைதானத்துக்குச் சராசரியாக 28,000 பேர் வந்தார்கள். 1999 மே மாதம் வெம்ப்ளியில் கில்லிங்ஹாமுடன் பிளே-ஆஃப் (மேல்நிலைக்கு ஏறுவதற்கான போட்டி) இறுதி. 2-0 என்று பின்தங்கியிருந்தபோது நம்மவர்களிலேயே பலர் வாசலைப் பார்த்து நடந்துவிட்டார்கள் (அவர்களைக் குறை சொல்ல மனமில்லை). கடைசி நேரத்தில் நம் ஹார்லாக் ஒரு கோல், 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தின் 5ஆவது நிமிடத்தில் நம் டிக்காவ் ஒரு கோல். பெனால்டியில் வெற்றி.

பணம் எல்லாவற்றையும் மாற்றியது என்பது சரி. 1976க்கும் 2011க்கும் இடையில் பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை என்பதும் சரி. கேலிதான் செய்ய வேண்டுமென்றால் 1938ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: நடப்புச் சாம்பியன், முதல் டிவிஷனிலேயே (அன்றைய உச்ச நிலை லீக்) அதிகமாக 80 கோல் அடித்த அணி, அதே பருவத்தில் கீழே இறங்கியது.