அந்த 90% கணக்கு டேல் சொன்னது அல்ல

மேலே ஒருவர், "படித்தால் 10%, கேட்டால் 20%, செய்து பார்த்தால் 90% நினைவில் நிற்கும், எட்கர் டேல் நிரூபித்தது. ஆகவே உடற்கல்வி, விளையாட்டு மேலாண்மைப் படிப்புகளில் வகுப்பறையை வெட்டிவிட்டு மாணவர்களை நேரே களத்துக்கு அனுப்பலாம்" என்று எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கல்வியாளரான டேல் 1946-ல் வெளியிட்ட 'அனுபவக் கூம்பு' என்ற படத்தில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. அடியில் நேரடி அனுபவம், உச்சியில் வெறும் சொற்கள் என்று கற்பிக்கும் வழிகளை அடுக்கிக் காட்டினார், அவ்வளவுதான். எண்களைப் பிறகு ஒட்டவைத்தது வேறு யாரோ. எல்லாமே பத்துப் பத்தாக வருவதே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டாமா?

களப்பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கல்வியியல் அறிஞர் டேவிட் கோல்ப் 1984-ல் விவரித்த கற்றல் சுழற்சியில் அனுபவம் நான்கில் ஒரு கட்டம் மட்டுமே. நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து கருத்தை உருவாக்குவது, அதை மறுபடி சோதிப்பது ஆகியவை மற்ற மூன்று. போட்டி நாளில் வாசலில் நின்று டிக்கெட் கிழித்த மாணவர் கூட்ட மேலாண்மை கற்றுவிட்டதாக அர்த்தமில்லை. எந்த வாசலில் ஏன் நெரிசல், ஆட்களை மாற்றி நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மறுநாள் உட்கார்ந்து அலசினால்தான் அது பாடம். உடற்கல்வியிலும் இதே கதைதான். பாதிப் பிள்ளைகள் பந்தையே தொடாமல் வரிசையில் நின்றதைக் கவனிக்காத, பயிற்சியில் இருக்கும் ஆசிரியர் அடுத்த வாரமும் அதே தவறைத்தான் பழகுவார். எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, சில மேற்கொண்டு கற்பதையே கெடுக்கும் என்று கல்வித் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1938-லேயே எழுதிவிட்டார்.

நீங்கள் வெட்டச் சொல்லும் வகுப்பறை நேரத்தில்தான் இந்த அலசலே நடக்கிறது.