ஸ்கீமா தரவரிசைக்கு அல்ல

ஸ்கீமா (பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு) போட்டால் தேடலில் முதலிடம் வரும் என்று உங்கள் கட்டுரையில் உள்ள வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். அது தரவரிசையை நேரடியாக உயர்த்தாது. பக்கத்தில் இருப்பது நிகழ்ச்சியா, பொருளா, எந்தத் தேதி என்று தேடுபொறிக்குப் புரியவைக்கும், அவ்வளவுதான். அதில் எழுதிய நட்சத்திர மதிப்பீடும் விலையும் தேடல் முடிவுகளில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான (FAQ) ஸ்கீமாவையே பாருங்கள்: 2023 ஆகஸ்டில் கூகுள் அது முடிவுகளில் தெரிவதைப் பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.

அப்புறம், ஸ்கீமாவை எழுதும் வடிவமான ஜேசன்-எல்டியில் (JSON-LD) கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி கூடுதலாக விழுந்தாலே அந்தத் தொகுதி முழுக்கப் பிழையாகிவிடும். பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கும். எனக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. வெளியிடும் முன் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனையில் (ஸ்கீமாவில் பிழை இருக்கிறதா என்று காட்டும் கருவி) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வாசகருக்குத் தெரியாத மதிப்பீட்டை ஸ்கீமாவில் மட்டும் எழுதவே எழுதாதீர்கள், அது கூகுளின் விதிமீறல்.