எம்ஆர்ஐ-ல காத்து தெரியாதுங்கிறது பாதி உண்மைதான்
மேல ஒருத்தர் "எம்ஆர்ஐ-ல காத்து தெரியவே தெரியாது, மூச்சுக்குழாய்ல காத்து வேகத்தை அளந்தோம்னு சொல்றதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குதான்"னு போட்டிருக்காரு. பாதிதாங்க சரி. சாதா எம்ஆர்ஐ ஹைட்ரஜன் அணுவோட சிக்னலைத்தான் பிடிக்கும், காத்துல அது இல்லாத மாதிரிதான், அதனால நுரையீரல் கருப்பா வரும். ஆனா ஹீலியம்-3, செனான்-129 மாதிரி வாயுவை முன்னாடியே லேசர் உதவியோட போலரைஸ் பண்ணி (அதாவது அணுக்கருக்களோட காந்தத் திசையை ஒரே பக்கமா வரிசைப்படுத்தி) மூச்சுல இழுக்க வச்சா சிக்னல் பல ஆயிரம் மடங்கு ஏறிடும், அப்போ வாயுவே வெள்ளையா பளிச்னு தெரியும். அது நகரும்போது சிக்னலோட ஃபேஸ் (அலை எந்தக் கட்டத்துல இருக்குங்கிறது) வேகத்துக்கு ஏத்த மாதிரி மாறும், அதை வச்சு ஒவ்வொரு இடத்துலயும் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா போகுதுன்னு நேரடியாவே அளக்கலாம். பிரான்ஸ்ல 2006லயே ஹீலியம்-3 வச்சு மனுஷங்க மூச்சுக்குழாய்லயே செஞ்சு காட்டிட்டாங்க. சிமுலேஷன் சரியா வருதான்னு பாக்குறதே இந்த அளவை வச்சுத்தான், அவரு தலைகீழா சொல்றாரு.

கஷ்டம் இல்லாம இல்ல, படம் எடுக்க அனுப்புற ஒவ்வொரு ரேடியோ பல்ஸுக்கும் போலரைசேஷன் கரைஞ்சுக்கிட்டே போகும், திரும்ப வராது, அதனால ஒரே மூச்சுக்குள்ள வேலையை முடிக்கணும். ஹீலியம்-3 கிடைக்கிறதும் ரொம்ப அரிது, அதான் இப்போ எல்லாரும் செனான் பக்கம் போயிட்டாங்க. அமெரிக்காவுல 2022 டிசம்பர்ல எஃப்டிஏ (மருந்துகளுக்கு அனுமதி குடுக்குற அரசு அமைப்பு) செனானுக்கு அனுமதி குடுத்துச்சு, ஆனா அது நுரையீரல்ல காத்து எங்கெங்க போய்ச் சேருதுன்னு பாக்க மட்டும்தான், வேகம் அளக்குறது இன்னும் ஆராய்ச்சி வேலைதான்.